நொடிக்கு ஏழு புள்ளி ஒன்பது

ஒத்தக்கடை அரசுப் பள்ளி, வேதியியல் ஆய்வகம்.
அமிலக் குப்பிகளைச் சுவரோரம் ஒதுக்கி
இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டால் கட்டில்.
சன்னல் முழுக்க யானைமலை;
வெளிச்சம் வரக் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறது.

படு. பேசாதே. சிரிக்காதே.
ஐந்து நிமிஷம் சும்மா கிடப்பதுதான்
இந்தப் பிள்ளைகளுக்கு இருப்பதிலேயே கஷ்டமான பரீட்சை.

கழுத்தில் பேனா மாதிரி ஒரு கருவி,
தொடையில் சுற்றிய பட்டை.
இரண்டுக்கும் நடுவே
தையல்கடை டேப்பால் அளக்கிறேன்.
“யூனிஃபார்முக்காக்கா?”
இங்கே ஒரு துடிப்பு.
அங்கே அதே துடிப்பு, ஒரு இமைப்புக்கும் குறைவாகப் பிந்தி.
தூரத்தை அந்தப் பிந்தலால் வகுத்தால் வேலை முடிந்தது.
இதற்குத்தான் எனக்கு மாதம் பதினெட்டாயிரம்.
ஒருநாள் எனக்கும் அளந்துகொண்டேன்.
சொல்ல மாட்டேன்.

இளங்குழாய் அலையை வாங்கி, உப்பி, தாங்கி,
பிறகுதான் அனுப்பும்.
விறைத்த குழாய் வந்ததை அப்படியே தள்ளிவிடும்.
வைகையில் பார்த்திருக்கிறேன்:
சித்திரைக்கு அணையில் திறந்த தண்ணீர்
மணல் கிடக்கிற இடத்தில்
நின்று, மோந்து பார்த்து, யோசித்து வரும்;
சிமென்ட் கரை கட்டிய இடத்தில்
யாரோ துரத்துகிற மாதிரி ஓடும்.
இதை இவர்களிடம் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.
திரையைச் சுவர் பக்கம் திருப்பி வைத்திருக்கலாம்.

ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவு
கரும்பலகையில் பட்டியல் போட ஆரம்பித்துவிட்டது.
ஹசீனா 4.9. நிரஞ்சன் 5.3.
கபடி டீம் அழகுப்பாண்டிக்கு 5.1;
ஒத்துக்கொள்ளவே இல்லை, மெஷின் கோளாறாம்.
வேகம் என்று ஒரு எண் வந்தால்
கூடினவன் ஜெயித்தான் என்றுதானே கணக்கு.

கடைசி ஆள் சோலைராஜா.
படுத்த உடனே தூங்கிவிட்டான்.
இதுவரை யாரும் தூங்கியதில்லை.
எழுப்பிப் படிவத்தை நிரப்பினேன்.
எத்தனை மணிக்கு எழுந்தாய்?
ரெண்டு.
மத்தியானமா?
ராத்திரிக்கா. மாட்டுத்தாவணி மார்க்கெட்டுல வெங்காய லோடு.
பசிச்சா?
அஞ்சு ரூவா சிப்ஸ். ரெண்டு பாக்கெட்.
பிறந்தபோது எடை?
அவனுக்குத் தெரியாது. போனில் அவன் அம்மா,
பின்னால் ஏதோ மெஷின் இரைய இரைய:
“ஒண்ணே முக்கால் கிலோ. இருபத்தோரு நாள்
கண்ணாடிப் பெட்டியில வச்சிருந்தாங்க.
இப்ப எதுக்கும்மா அது?”

கழுத்து மடிப்பில் ஒரு வெங்காயச் சருகு.
அதை எடுத்த பிறகுதான் பேனாவை வைக்க முடிந்தது.
7.9.
டேப்பைத் திரும்பப் பிடித்தேன். 7.8.
பட்டையை அவிழ்த்துக் கட்டினேன். 7.9.
திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம்,
குழாயின் வயது நாற்பத்தொன்று என்கிறது.
ஆளுக்குப் பதினாலு.
மீசை இனிமேல்தான்.

பலகையில் எண் விழுந்ததும்
வகுப்பே மேசையைத் தட்டியது.
அழகுப்பாண்டி எழுந்து வந்து கை கொடுத்தான்.
சோலைராஜா இந்தப் பள்ளிக்கூடத்தில்
எதிலாவது முதலாவது வருவது
இதுதான் முதல் தடவை போல;
கையை என்ன செய்வதென்று தெரியாமல்
சட்டைப் பித்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றினான்.

கூட்டம் கலைந்த பிறகு கடிதத்தைக் கொடுத்தேன்.
பெரியாஸ்பத்திரி, வியாழக்கிழமை, காலை எட்டு மணி,
பெற்றோரில் ஒருவர் கூட வரவேண்டும்.
எழுத்துக் கூட்டிப் படித்தான்.
பிறகு முகம் முழுக்க:
“அடுத்த ரவுண்டாக்கா? மாவட்ட அளவுலயா?”

ஆமா என்றேன்.
வேறு எதைச் சொல்லியிருந்தாலும்
வியாழக்கிழமை லோடுதான் ஜெயித்திருக்கும்.
அவன் அம்மாவிடம் சாயங்காலம்
நிஜத்தைச் சொல்லிக்கொள்ளலாம்.
“முந்தின ராத்திரி மூட்டை தூக்கக்கூடாது.
நல்லாத் தூங்கிட்டு வரணும். அதான் ரூல்.”

வாசல் வரைக்கும் போனவன் திரும்பி வந்தான்.
“தூங்குனா வேகம் கொறஞ்சிராதாக்கா?”